ரம்பத்தின் காலில் அரிசி மூட்டை

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து முற்றத்தில் மஞ்சள் வெயில் மங்கிக்கொண்டிருக்கிறது. நேற்று யானை பெயர்த்துப்போட்ட சமையலறைக் கதவுக்குப் பதிலாகப் புதுக் கதவு செய்ய, மிக்கேல் பொழுதுபோக்குக்கென்று வாங்கிய சின்ன மேசை ரம்பத்தில் பலாப் பலகையை அறுக்கிறான். மறுமுனையைப் பிடித்திருக்கிறாள் அவன் மனைவி கத்தரீனாள். மேசையின் நடுப்பிளவில் வட்டத் தகடு சுழல்கிறது. பக்கத்துச் சட்டத்தை ஒட்டிப் பலகையைத் தள்ளினால் போதும். பிளைவுட் என்றால் நூல் பிடித்தாற்போல் அறுத்துவிடும். பலாவோ கனம். சட்டம் மயிரிழை விலகியதும் பலகை தகட்டை நெருக்குகிறது, மோட்டார் முனகுகிறது, கருகல் வாசனை எழுகிறது. "இந்த மிஷின ஒரே ஆளு தூக்கிரலாம், அதாண்டி இதோட பெருமையே" என்கிறான் மிக்கேல். "ஆமா, பலகையத் தள்ளுனா மிஷினும் சேந்துல்ல போவுது!" அது நகராமலிருக்க மேசைக் காலோடு அவன் கட்டியிருப்பதை அப்போதுதான் குனிந்து பார்க்கிறாள். ரேஷன் அரிசி மூட்டை. "ஏங்க, ஆனை கதவ ஒடச்சதே இதுக்குத்தான். இதத் தூக்கி முத்தத்துல வச்சிட்டு எதுக்குங்க கதவு?" "கனம் இல்லாட்டி அறுப்பு நேரா வராதுடி." பாதிப் பலகையில் கரண்ட் போய்விடுகிறது. தகடு சுழன்று அடங்கியதும், தேயிலைச் சரிவின் கீழே யானையை விரட்டத் தகரம் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. மிக்கேல் சட்டத்தின் திருகை இறுக்கிக்கொண்டிருக்கிறான். கத்தரீனாள் முடிச்சை அவிழ்த்து, மூட்டையைத் தரதரவென்று இழுத்துப் போய், கதவில்லாத சமையலறை வாசலில் நின்று அவனைத் திரும்பிப் பார்க்கிறாள்.