கையெழுத்து வரட்டும்

2026 ஜனவரி 12, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம்; வாடைக்காற்றோடு விடாத மழை.

“மனே, தண்ணி வேளாண்மைக்கு மேலால போகுது! முகத்துவாரம் எப்ப வெட்டுவாங்களாம்?”

கைப்பேசியில் தங்கராசா கத்தினார். மட்டக்களப்பு வாவியில் நிறைந்த வெள்ளம், கடலுக்குப் போக வழியின்றி நெற்பயிர் நின்ற வட்டை வயல்களுக்குள் ஏறியிருந்தது. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டினால் வடிந்துவிடும். வெட்டுவதா, விடுவதா என்று ஒரு குழு பல நாள்களாகக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

“முடிவு இன்னும் கையெழுத்தாகல்லப்பா. ஆனாத்தான் டிவியில போடலாம்” என்றாள் மகள் நிருஷா.

“அதுக்குள்ள அஞ்சு ஏக்கரும் அழுகிரும். அடுத்த போகத்துக்கு விதைநெல்லுக்கும் வழியில்ல மனே.”

நிருஷா உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையமொன்றின் தொழில்நுட்பப் பணியாளர். அவள் கைப்பேசியை வைக்கும்வரை முகாமையாளர் சுதாகரன் பொறுமையாக நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், விதிமுறைகளில் பற்று மிகுந்தவர்.

“அப்பாவுக்கு விளங்கப்படுத்திப் போட்டீரோ? கையெழுத்தில்லாத அறிவித்தல் ஒரு வரி வெளியில போனாலும், போட்ட ஆள் அண்டைக்கே வீட்டை போகவேண்டியதுதான்.”

“விளங்குது சேர்.”

அன்று, படத்தை ஒளிபரப்புக்கேற்ப மாற்றும் புதிய என்கோடரைப் பூட்டியிருந்தார்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் படத்தோடு சேர்ந்து போவதில்லை. என்கோடருக்குள் ‘டேட்டா சனல்’ என்ற தனிவழியில் ஏறிப் போய், வீடுகளிலுள்ள பெட்டிகளில்தான் படத்தின்மேல் விழும்.

“டேட்டா சனலத் திறந்திட்டன் சேர். வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு. வீட்டுப் பெட்டிகள்ள உள்ள வேகத்தையே இதுக்கும் குடுத்திரிக்கன். ‘வணக்கம்’ எண்டு அனுப்பிப் பாப்பமா?”

“ஒரு சொல்லில என்ன பிழை தெரியும்? நீளமான வசனம் வேணும். கொம்பு, சுழி, காற்புள்ளி எல்லாம் இருக்கவேணும்.”

அவரே கணினியில் தேடி, சென்ற ஆண்டின் அறிவித்தலொன்றை எடுத்தார். ‘நாளை காலை ஆறு மணிக்கு முகத்துவாரம் வெட்டப்படும், வட்டைக்காரர் மண்வெட்டிகளோடு வரவும்.’

நிருஷா திடுக்கிட்டாள். “சேர், இதையா? கையெழுத்து...”

“அறிவித்தல் வேறை, சோதனை வேறை. சோதனைக்கு ஒருத்தற்றை கையெழுத்தும் தேவையில்லை. ஒரு சுற்று ஓடினதும் நிப்பாட்டலாம்.”

விசையையும் அவரே அழுத்தினார். சுவரிலிருந்த தொலைக்காட்சியை இருவரும் பார்த்தார்கள். படம் இருந்தது, எழுத்து இல்லை.

“இந்த டிவியில தெரியாது சேர்...”

“தெரியேல்லை எண்டதை நானும் பாக்கிறன்தானே! என்கோடர் பழுது. கொழும்பிலயிருந்து ஆள் வரட்டும். நீர் ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது.”

“ஓம் சேர்.”

நிருஷா பணிவோடு கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுதாகரன் பொங்கலுக்கு ஊருக்குப் போக, பகல் பேருந்தைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை அவர் திரும்பியபோது நல்ல வெயில். தங்கராசா ஒரு கோர்வை செப்பலி மீனோடு வாசலில் நின்றார்.

“தண்ணி வடிஞ்சிட்டு சேர். வேளாண்மை தப்பிட்டு. இது உங்களுக்குத்தான்.”

“மழை விட்டா வடியும்தானே ஐயா. எனக்கு ஏன் மீன்?”

தங்கராசா பதில் சொல்வதற்குள் குழுவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. சுதாகரன் அதைப் பிரித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார்: “வாவியின் நீர்மட்டம் இயற்கையாகவே குறைந்துள்ளமையால், முகத்துவாரத்தை வெட்டவேண்டிய தேவை எழவில்லை.”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தியளோ? அவசரப்படாமல் கையெழுத்துக்குக் காத்திருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு!”

தங்கராசா விழித்தார். “என்ன சேர் கதைக்கிறீங்க? திங்கக்கிழம பொழுதுபடும்வரைக்கும் உங்கட டிவியில ஓடினதப் பாத்துத்தானே, ஊரே திரண்டுபோய்ச் செவ்வாய் விடிய வெட்டினம்!”

சுதாகரன் சுவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“அந்த டிவிட வயர் என்கோடருக்கு முன்னால பூட்டினது சேர்” என்றாள் நிருஷா. “எழுத்து ஏறமுதல் உள்ள படந்தான் அதில வரும். அண்டைக்கே சொல்ல வந்தன். பிறகு, நீங்க சொன்னபடி, கொழும்பு ஆள் வந்து பொழுதுபட நிப்பாட்டும்வரைக்கும் ஒண்டிலயும் கை வெக்கல்ல.”

சுதாகரன், குழு கையெழுத்திட்ட அந்த முடிவை டிவியில் போடும்படி அவளிடம் நீட்டினார்.

அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: “இது அறிவித்தலா சேர், சோதனையா?”