அரிசிப் பானையில் போட்ட மிச்சம்

ஆறு மாதக் கர்ப்பிணி பொம்மி, நர்ஸம்மாவின் கண்ணெதிரிலேயே மலேரியா மாத்திரையை விழுங்கினாள். மாத்திரைக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டு உயிரைக் காக்கப் போகிறோம் என்ற பெருமிதத்தோடு ரத்தத்தில் கரைந்து, கிருமியைத் தேடிப் போனது.

கிருமி ஓடவில்லை. நஞ்சுக்கொடியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"வாப்பா. உன் அண்ணன்மாரை எல்லாம் எனக்குத் தெரியும்."

"அவங்க கையில நீங்க செத்திருக்கணுமே?"

"எங்க பாட்டன் பூட்டன் செத்தாங்க. அப்புறம் இந்த ஊர்ல காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திட்டு, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்குன்னு அரிசிப் பானையில போட்டு வெச்சாங்க. அரைகுறையா அடி வாங்கிப் பிழைச்சவங்களோட பிள்ளை நான். நீ எங்க அடிப்பேன்னு எனக்கு மனப்பாடம்."

மாத்திரை பலத்தையெல்லாம் திரட்டி அடித்தது. கிருமி கொட்டாவி விட்டது. பக்கத்தில் குழந்தை மெல்ல உதைத்தது.

"அதுக்குச் சாப்பாடு போற வழியிலதான் நான் குடியிருக்கேன்" என்றது கிருமி.

"நர்ஸம்மா, நான் தோத்துட்டேன்! வேற யாரையாவது அனுப்புங்க!" என்று மாத்திரை கத்தியது.

வெளியே, பொம்மி வாந்தி எடுக்கிறாளா என்று அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்த நர்ஸம்மா, அவளுடைய சிகிச்சை அட்டையில் டிக் அடித்தாள்.

"இனி பயமில்ல தாயி. வீட்டுக்குப் போ."