மாதுளந்தோல் சாறு

கரிசல் புழுதிக்குப் பயந்து ஆஸ்பத்திரி வார்டின் சன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். மின்விசிறி மத்தியான வெக்கையையே சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. ரெங்கம்மாளுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. எந்த மாத்திரைக்கும் குடலிலுள்ள கிருமி அடங்கவில்லை. மகள் தீபலட்சுமி ஈரத்துணியால் அம்மாவின் காலைத் துடைக்கிறாள். தான் ஆராய்ச்சி செய்யும் கோவில்பட்டிக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் மாதுளந்தோல் சாறு விட்டதும் இதே கிருமி செத்துக் கிடந்ததைக் காலையில் அவள்தான் சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். “ஏட்டி, அந்தச் சாறைக் கொண்டாந்து எனக்கு ஊத்தேன்” என்கிறாள் ரெங்கம்மாள். “அது தட்டுலதாம்மா செத்துச்சு. ஒன் ஒடம்புக்குள்ள போயி என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாதும்மா.” “தட்டுக்கு வைத்தியம் பாக்குத, பெத்தவளுக்குப் பாக்க மாட்டியா?” தீபலட்சுமி துணியை அலசிப் பிழிகிறாள். ரெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, மருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல, காய்ந்த உதடுகளைப் பிரித்து வாயைத் திறக்கிறாள்.