கலண்டர் தாள்

"அக்கா, நித்திரையா?"

"ஓம்" என்றாள் ராகவி, கண்ணைத் திறக்காமலே.

"ப்ளீஸ், எழும்பு. இண்டைக்கு நான் ஜெயிலுக்குப் போகப் பார்த்தன்."

ராகவி துள்ளி எழுந்தாள். மணி ஒன்றே கால். தங்கை வினுஷா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. நெற்றியில் வெள்ளையாக ஏதோ கறை. மேலே பள்ளிக்கூடக் கம்பளி ஜம்பர். கீழே மினுமினுக்கும் பாவாடை. அந்தச் சிட்னி லிட்கம் வீட்டில் அப்படியொரு பாவாடை இருப்பதே ராகவிக்கு அப்போதுதான் தெரியும்.

"தர்ஷனா வீட்டில மட்ஸ் படிக்கப் போறன் எண்டுதானே போனனீ?"

"அங்கதான் போனனான். பிறகு ரெண்டு பேரும் கிளப்புக்குப் போனனாங்கள்."

"எந்தக் கிளப்?"

"ரெண்டு ஸ்டேஷன் தள்ளி, டயர் கடைக்கு மேல."

"அதுக்கோ? அங்க எலியும் சேர்ந்து ஆடுமாம்."

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சுது அக்கா. சட்டப்படி போகலாம்."

"சட்டத்தை அம்மாட்டச் சொல்லிப் பார்."

அம்மா என்றதும் வினுஷாவின் உதடு கோணியது. "மெதுவாக் கதை. அவவின்ர அறையில லைட் எரியுது. நிப்பாட்ட மறந்து படுத்திட்டா போல. தெரிஞ்சா இனி என்னைப் பள்ளிக்கூடத்தைத் தவிர ஒரு இடமும் விடமாட்டா. நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"முதல்ல என்ன நடந்தது எண்டு சொல்லு."

"உன்ர குட்டிக் கறுப்பு ஹாண்ட்பாக்கைக் கேளாமல் எடுத்தனான், சொறி. அதையும் ஹீல்ஸையும் இந்தப் பாவாடையையும் ஸ்கூல் பாக்குக்குள்ள, மட்ஸ் புத்தகத்துக்குக் கீழ ஒளிச்சுக் கொண்டு போனனான். கிளப் வாசல்ல செக்யூரிட்டி அந்தக் குட்டி பாக்கைத் திறந்து பார்த்தான். சமோவாத் தீவுக்காரன். கதவளவு ஆள். உள்ளயிருந்து மடிச்ச கடதாசி ஒண்டை எடுத்து விரிச்சான். அதுக்குள்ள வெள்ளைத் தூள்."

ராகவிக்குத் தூக்கம் முழுவதும் போய்விட்டது. "என்னடி சொல்றாய்?"

"விபூதி அக்கா. எனக்கு மணத்திலயே தெரிஞ்சிட்டுது. அவனுக்கு எப்பிடித் தெரியும்? இதென்ன எண்டு கேட்டான். பயத்தில, மாட்டுச் சாணி, எரிச்சது எண்டிட்டன்."

ராகவி தலையணையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதை. என்ன செய்யிறது இதை எண்டான். நெத்தியில பூசுறது, கொஞ்சம் வாயிலயும் போடுறது எண்டன். உடன வாக்கி டோக்கியை எடுத்திட்டான். போலீசைக் கூப்பிடப் போறன் எண்டு பேர், போன் நம்பர் எல்லாம் கொப்பியில எழுதினான். எனக்குப் பாடமான ஒரே நம்பர் அப்பான்ர. அதைச் சொல்லிட்டன்."

"ஐயோ. அப்பா நைட் ஷிப்டில எல்லோ நிக்கிறார்."

"கேளன். பிறகு தாளுக்கு டோர்ச் அடிச்சு, இந்த எழுத்து என்ன ரகசியமோ எண்டான். ராசிபலன் எண்டன். அதையும் நம்பேல்லை. பின்னால லைன்ல நிண்ட ஆக்கள் எல்லாம் போனில வீடியோ எடுக்கத் தொடங்கிட்டினம். எனக்கு வேற வழி தெரியேல்லை. அவன்ர முன்னாலயே மூண்டு குறி இழுத்து, மிச்சத்தை வாயில போட்டு விழுங்கினன்."

"தேவாரமும் பாடினியோ?"

"ரெண்டு வரி."

ராகவியால் அடக்க முடியவில்லை. வினுஷாவுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்குப் பிறகுதான் அக்கா அவன் சிரிச்சான். தன்ர அம்மாவும் இப்பிடித்தானாம், தன்ர கார்ல செபமாலை கட்டி விட்டிருக்கிறாவாம். அப்பான்ர நம்பரை என்ர கண் முன்னாலயே வெட்டிட்டான். தாளையும் திருப்பித் தந்து, இது உன்ர அம்மா வச்சதோ எண்டு கேட்டான். இல்லை, அக்கா வச்சது எண்டன்."

"சரி, உள்ள போய் ஆடினியோ?"

"எங்க ஆடுறது? தரை பிசுபிசுத்துக் காலைப் பிடிக்குது. கால் ரெண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் தர்ஷனா, நல்லா ஆடுறாய் எண்டவள்." வினுஷா மூக்கைத் துடைத்தாள். "எல்லாம் உன்னாலதான். பாக்குக்குள்ள விபூதி வச்சிருக்கிறன் எண்டு நீ சொல்லியிருக்கலாம்."

"நானோ? நான் வைக்கேல்லை."

"உன்ர பாக்தானே?"

"அதைப் போன கிழமை மெஷினில போட்டுத் தோய்ச்சனான். உள்ளுக்கு ஒண்டுமில்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தாள் எங்க?" என்றாள் ராகவி.

ஜம்பர் பைக்குள்ளிருந்து கசங்கிய தாள் வந்தது. ராகவி போன் வெளிச்சத்தில் அதை நீவினாள். குசினியில் தொங்கும் பலசரக்குக் கடைக் கலண்டரின் தாள். பெரிய எழுத்தில், சனிக்கிழமை.

"இது இண்டையான் தாள். அம்மா பின்னேரம் விளக்கு வச்சிட்டுத்தானே கிழிக்கிறவ. நீ எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீ?"

"ஏழு மணிக்கு. அம்மா விளக்கு வச்ச பிறகு" என்றாள் வினுஷா.

ராகவி தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பேனாவால் நாலு வரி. இரண்டாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டு நீச்சலுக்குப் போன வினுஷாவுக்குத் தமிழில் எது இருந்தாலும் ராசிபலன்தான். ராகவி மெதுவாக வாசித்தாள்.

"வினு, ஹீல்ஸோட ஓடாதை. ஆர் என்ன தந்தாலும் குடிக்காதை. ரயில் தவறினால் எனக்குப் போன் எடு, அப்பாவுக்கு எடுக்காதை. நீ வந்து சேருமட்டும் நான் படுக்கமாட்டன்."

கதவிடுக்கில் தெரிந்துகொண்டிருந்த அம்மாவின் அறை வெளிச்சம் அப்போதுதான் அணைந்தது.