பன்னிரண்டரை வோல்ட்

டுவேன் ஒரு கஞ்சன் என்பதில் அந்த முகாமில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து கேரவனை ஓட்டிக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடும் பெரியவர்கள் எல்லாருக்கும் சோலாரும் பேட்டரியும்தான் கதி. பொழுது சாய்ந்தால் எல்லார் ஜன்னலிலும் வெளிச்சம், டி.வி. சத்தம். டுவேனின் கேரவனில் மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் அணைந்துவிடும். கோட்டை மாட்டிக்கொண்டு இருட்டில் இருமிக்கொண்டிருப்பார்.

பக்கத்துக் கேரவன் மார்லிஸ் சும்மா விடுவாளா?

"நானும் ஒத்தப் பொம்பளதான். என் பேட்டரி விடிய விடிய ஓடுது. ராத்திரி பூரா மூச்சு மெஷின் வேற போட்டுக்கறேன். எல்லாம் வச்சுக்கற விதத்துல இருக்கு. இந்த மனுஷன் போறப்ப பேட்டரிய மடியில கட்டிக்கிட்டுத்தான் போவாரு போல" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

முகாமில் கரண்ட் வேலை பார்க்கிற நோராவை டுவேன் கூப்பிட்டனுப்பினார். இன்றைக்கு இந்த மனிதரைத் திருத்தாமல் விடுவதில்லை என்ற முடிவோடுதான் அவளும் போனாள்.

கோளாறு சின்னதுதான். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கரண்டைத் துண்டிப்பது கட்-ஆஃப் பெட்டியின் வேலை. துண்டித்ததும் பாரம் குறைந்து பேட்டரி கொஞ்சம் நிமிரும். உடனே பெட்டி மறுபடி கரண்டைக் கொடுக்கும். கொடுத்ததும் பேட்டரி இறங்கும், மறுபடி துண்டிக்கும். ராத்திரி முழுக்க டக் டக்கென்று இதே கூத்து.

"அணையற அளவுக்கும் திரும்ப வர்ற அளவுக்கும் நடுவுல இடைவெளி பத்தல. அதை அகலமாக்கிடறேன். ஒரு தடவை அணைஞ்சா வெயில் ஏறினப்புறம்தான் திரும்ப வரும்" என்ற நோரா, அடுத்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "என்னங்க இது, பன்னிரண்டரை வோல்ட்லயே கட் ஆகுது? பேட்டரியில முக்கால்வாசி அப்படியே கிடக்குமே. பதினொன்றே முக்கால்ல வச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"பன்னிரண்டரையிலயே இருக்கட்டும்."

பாலைவனத்துக் குளிர், அவருடைய வயசு, அந்த இருமல் எல்லாவற்றையும் அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். பேட்டரி உங்களுக்கா, நீங்க பேட்டரிக்கா?"

"சொன்னதைச் செய் நோரா. பன்னிரண்டரை."

பிடிவாதத்தில் நோராவும் சளைத்தவள் இல்லை. சரியென்று தலையை ஆட்டினாள். அவர் காபி போடத் திரும்பிய நேரத்தில் பதினொன்றே முக்காலில் வைத்து மூடியைத் திருகிவிட்டாள். கிழவர் ஒரு ராத்திரியாவது கதகதப்பாகத் தூங்கட்டுமே. நல்ல காரியம் செய்த திருப்தி அவளுக்கு அன்று முழுக்க இருந்தது.

மறுநாள் காலையில் மார்லிஸ் தன் கேரவன் படியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குள் மூச்சு மெஷின் நின்றுவிட்டதாம். திணறி எழுந்து, கதவுவரை தவழ்ந்து வந்திருக்கிறாள்.

"உசிரு போயித் திரும்பி வந்துச்சு நோரா. என் பேட்டரி இப்படிப் பண்ணினதே இல்ல. ஒமாஹாவுல இருக்கற என் பையன் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. தனியா சமாளிக்க முடியலன்னா முதியோர் இல்லம்தான்னு ஏற்கெனவே சொல்லிட்டான்."

நோரா அவளைத் தைரியப்படுத்திவிட்டு, பேட்டரியைப் பார்க்கப் பின்பக்கம் போனாள். அங்கே டுவேன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். குனிய முடியாத மார்லிஸுக்காக வாரா வாரம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான்.

திறந்திருந்த பெட்டியை நோரா எட்டிப் பார்த்தாள். இரண்டு பேட்டரியும் வயிறு உப்பி வெடித்துக் கிடந்தன. மீட்டரை வைத்தால் முள் நகரவில்லை. நேற்று இன்று செத்தவை இல்லை அவை.

பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சரளைக்குள் இறங்கியது. நோரா காலால் கல்லை விலக்கிக்கொண்டே போனாள். அது நேராக டுவேனின் கேரவனுக்குள் புகுந்து, கட்-ஆஃப் பெட்டிக்கு முன்னாலேயே அவர் பேட்டரியோடு சேர்ந்திருந்தது. பெட்டி அவர் கேரவனைத் துண்டித்தாலும் இந்த ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவள் திரும்பி வந்து, மார்லிஸுக்குக் கேட்காதபடி குனிந்தாள். "எத்தனை நாளா இது?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலேருந்து. புதுசு வாங்க அவளாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா ஒயரைப் பிடுங்கி எறிஞ்சிட்டுப் பையன்கிட்ட போயிடுவா." அவர் ஒயர் மேல் சரளையைத் தள்ளி மூடினார். "நேத்து ஹீட்டர் நிக்கவே இல்ல. பகல்ல நல்ல வெயில் போலன்னு நெனச்சேன். சூட்டுல நாற்காலியிலயே கண்ணசந்துட்டேன். நான் தூங்கிட்டேன் நோரா."

நோராவுக்கு மறைக்க மனம் வரவில்லை. அளவை மாற்றியது தான்தான் என்று சொல்லிவிட்டாள். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதர் குளிரில் விறைப்பதைப் பொறுக்க முடியாமல்தான் அப்படிச் செய்ததாகச் சொல்லும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

டுவேன் கோபப்படவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பேட்டரியக் காப்பாத்துன்னு நான் எப்பம்மா சொன்னேன்? என்னைக் கட் பண்ணுன்னுதானே சொன்னேன்."