பல்லில்லாத கியர்பாக்ஸ்

"அழுத்தத்தை அறுபதுல வைக்கணும் சார்! அதுக்குக் கீழே போனா உருளை வழுக்கும்!"

"நாற்பதே ஜாஸ்தி சார்! இவர் சொல்ற மாதிரி இறுக்கினா ஆயில் கொதிச்சே போயிடும்!"

சோதனைக்கூடத் தலைவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். கத்திய இருவரும் கணவன் மனைவி. கணவன் டிஸ்க் பகுதிக்குப் பொறியாளர், மனைவி ஆயில் பகுதிக்கு. இருவருக்கும் நடுவே மேடைமேல் உட்கார்ந்திருந்தது, மூன்று வருடமாக அவர்கள் கட்டிக்கொண்டு அழும் பல்லில்லாத கியர்பாக்ஸ்.

எதிரெதிரே இரண்டு டிஸ்க். நடுவில், சாய்ந்து சாய்ந்து வேகத்தை மாற்றும் உருளைகள். இவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் சக்தியைக் கடத்துகிறது. ரொம்ப அழுத்தினால் உராய்வு கூடி, பாதி உழைப்பு சூடாகவே போய்விடும். அழுத்தம் குறைந்தால் வழுக்கும். அந்தப் பாழாய்ப்போன அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் இத்தனை ரகளை.

மதியம் முதலாளி வருகிறார். உள்ளே போகும் சக்தியில் தொண்ணூறு சதவீதமாவது மறுபக்கம் வந்து சேராவிட்டால் திட்டத்துக்கே பூட்டு. காலையில் தலைவர் வைத்த எழுபதில், எண்பத்து நாலுதான் வந்தது.

"ஏம்மா, வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல இதைவிட மோசம் சார். நான் இவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு."

"அதான் சார், கொஞ்ச நாளா நிம்மதியா இருக்கேன்" என்றான் கணவன்.

தலைவருக்குப் பகீரென்றது. கியர்பாக்ஸோடு ஒரு குடும்பமும் சேர்ந்து உடைந்துவிடும் போலிருக்கிறதே!

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'நடுவர்' என்றுதான் சொல்வார்கள். ஏசியை ஒருவர் இருபதில் வைக்கச் சொல்லி, இன்னொருவர் இருபத்தாறு கேட்டால், இருபத்து மூன்றில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். சண்டையே இல்லாமல் யார் எதைக் கேட்டாலும் மனிதருக்குச் சந்தேகம் வந்துவிடும். போன மாதம் இதே இருவரும் ஒரே குரலில் ஓர் அழுத்தத்தைச் சொன்னபோது, "புருஷனும் பொண்டாட்டியும் பேசி வெச்சுக்கிட்டு வந்து எனக்கே காது குத்துறீங்களா?" என்று விரட்டிவிட்டு, தன் இஷ்டத்துக்கு எழுபதை வைத்தவர் அவர்.

"போதும், ரெண்டு பேரும் வாயை மூடுங்க! அறுபதும் வேண்டாம், நாற்பதும் வேண்டாம். ஐம்பது!"

"ஐயோ சார், வழுக்கும்!"

"ஐயையோ சார், கொதிக்கும்!"

தலைவர் காதில் வாங்காமல் ஐம்பதில் வைத்து, மோட்டாரை ஓட விட்டார். திரையில் எண் மெதுவாக ஏறியது. எண்பத்தேழு... எண்பத்தொன்பது... தொண்ணூற்றொன்றில் போய் அசையாமல் நின்றது. எதுவும் வழுக்கவில்லை, எதுவும் கொதிக்கவில்லை.

மதியம் வந்த முதலாளி திரையைப் பார்த்தார், தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். திட்டம் பிழைத்தது.

சாயங்காலம் கிளம்பும்போது தலைவர் கணவனையும் மனைவியையும் நிறுத்தினார். சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா? இந்த ரெண்டு டிஸ்க்கும் நேருக்கு நேர் மோதிக்கிட்டா தேஞ்சே போயிடும். நடுவுல ஒருத்தன் இருந்தாத்தான் வண்டி ஓடும். வீட்டுலயும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கப்பா. இன்னிக்காவது சண்டை போடாம போய்ச் சேருங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினார்கள்.

கார் வாசலைத் தாண்டியதும் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கணவனிடம் நீட்டினாள்.

"குடிங்க, தொண்டை கட்டியிருக்கும். ஆமா, அடுத்த மாசம் ஊர் சுத்த நமக்குப் பத்து நாள் லீவு வேணுமே, அதை எப்படி வாங்குறது?"

"இது ஒரு பெரிய விஷயமா? நான் இருபது நாள் கேக்குறேன். நீ ஒரு நாள்கூட ஆகாதுன்னு கத்து!"