ஏரிக்கரையில் மூன்று அறைகள்

“லைட்டு வேண்டாமுங்க தம்பி, ஃபேனும் வேண்டாமுங்க. ஃபிரிட்ஜ் ஓடினாப் போதும்” என்றாள் தெய்வாத்தாள்.

நரசிம்மலு பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தான்.

காரமடைக்கு மேற்கே, மலையடிவார ஏரிக்கரையில் மூன்று அறைகள் கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள் அவள். காட்டைத் தாண்டி மின்கம்பி வரவில்லை. டீசல் இன்ஜின் வைத்தால் அந்தச் சத்தத்துக்கு ஏரிப் பறவைகள் இடம் மாறிவிடும். சுற்றுலா விடுதிகளுக்கு சோலார் வைக்க அரசாங்க மானியம் இருந்த காலம் அது. இந்த இடத்துக்கு அது சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லத்தான் கோயமுத்தூரிலிருந்து அவனை அனுப்பியிருந்தார்கள்.

விளக்கும் மின்விசிறியும் தாராளமாக ஓடும். ஃபிரிட்ஜ்தான் இடித்தது. சாயங்காலத்துக்கு முன்பே மலை வெயிலை மறைத்துவிடும். ஆடியில் மேகம் விலகுவதே அபூர்வம். வருகிற மின்சாரம் முழுவதையும் ஃபிரிட்ஜே குடித்துவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

“பேட்டரி சேர்த்து வெச்சா ஓடுமுங்களா?”

“ஓடும். ஆனா வர்றவங்க இருட்டுல உக்காந்திருக்கணுமுங்களே. அப்புறம் யாரும்மா தங்குவாங்க?”

“அரிக்கேன் விளக்கு இருக்குதுங்க. காத்துக்கு ஏரி இருக்குது.”

குளிர்ந்த பீர் விற்கத்தான் இந்தப் பிடிவாதம் என்று அவனுக்குத் தோன்றியது. அதைச் சுற்றிவளைத்துக் கேட்டும் பார்த்தான். அவள் கோபப்படவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாள். எதை ஓட்டுவது என்பது உடையவர் இஷ்டம். மனதில்லாமல்தான் ‘சாத்தியம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பேனல்களைச் சரிபார்க்க ஆடியில் மறுபடி வந்தபோது, அறைகளில் ஒருவரும் இல்லை. தெய்வாத்தாளின் முகத்தில் அந்தக் கவலையும் இல்லை. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கலாமென்று திறந்தான். உள்ளே சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள்.

“பாம்புக்கடி மருந்துங்க” என்றாள் அவள். “குளுந்தாப்பல வெக்கோணுமாம். யாரையாச்சும் கடிச்சுப்போட்டா, மலையூர் நர்சு அமலி ஓடியாந்து ஊசி போட்டுரும். போன மாசம் ஒரு புள்ளை பொழைச்சுதுங்க. எங்க ஊட்டுக்காரரைத்தான் கோயமுத்தூரு கொண்டுபோற வழியிலயே உட்டுட்டேன்.”

பீர் என்று நினைத்தது நரசிம்மலுவை உறுத்தியது. இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றான். மருந்துக்கென்று ஊர் பேரில் தனியாக ஒரு சோலார் கேட்டு வாங்கியிருந்தால் லாட்ஜ் வியாபாரம் இப்படிப் படுத்திருக்காதே என்றும் வருத்தப்பட்டான்.

தெய்வாத்தாள் ஃபிரிட்ஜ் கதவை மெல்லச் சாத்தினாள்.

“ஊருக்குன்னு மூணு வருசம் அலைஞ்சனுங்க தம்பி, குடுக்கலை. டூரிஸ்ட்டுக்குன்னா குடுப்போம்னாங்க. அதுக்கப்புறந்தானுங்க லாட்ஜே கட்டினேன்.”